புதுக் கல்லின் பூச்சு

காலை நிகழ்ச்சியில் மூன்று மணி நேரம் வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். ஆனால் அம்மாவிடம் ஒரே ஒரு வரியைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. “அம்மா, உங்க தோசைக்கல்லைத் தொலைச்சிட்டேன்.”

வீடு மாறிய அவசரத்தில் பழைய பேப்பர் லோரிக்குப் போட்ட இரும்புச் சாமான்களோடு அதுவும் போய்விட்டது. இருபது வருடம் தோசை சுட்டுவிட்டு, என் கல்யாணத்தின்போது அம்மா எனக்குக் கொடுத்த கல் அது. அம்மா திட்டவில்லை. “பரவால்லம்மா, புதுசு ஒன்னு வாங்கிப் பழக்கிக்கோ” என்றார். திட்டியிருந்தால் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போய் நல்ல கனமான இரும்புக் கல் ஒன்று வாங்கி வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, அன்று இரவே தோசை ஊற்றினேன். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கந்தலாக வந்தது. மூன்றாவதில் ஒரு துண்டை வாயில் வைத்த என் ஏழு வயது மகள் சொன்னாள்: “அம்மா, இதுல கார் வொர்க்‌ஷாப் வாசம் வருது.”

மறுபடியும் அம்மாவுக்குப் போன். அவர் கேட்ட முதல் கேள்வி, “மேல இருக்கிற பூச்சை எடுத்தியா?”

பூச்சு இருப்பதே எனக்குத் தெரியாது. யோசித்தால் காரணம் எளிது. இரும்பு, தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி, கிடங்கில் கிடந்து, கடைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். நம் ஊர் ஈரக் காற்றில் வெறும் இரும்பு சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அதனால் எண்ணெய், மெழுகு அல்லது வார்னிஷ் போன்ற ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு பயணத்துக்கானது. சாப்பாட்டுக்கானது அல்ல. அது இருக்கும்வரை நாம் தடவும் எண்ணெய் இரும்பைத் தொடவே தொடாது.

எல்லாப் பூச்சையும் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. முதலில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் துருத்தடுப்பு எண்ணெய். கண்ணாடிபோல் பளபளத்தால் வார்னிஷ் வகையாக இருக்கலாம். ‘சீசன் செய்தது’ என்று அட்டையில் போட்டிருந்தால் அது சமையல் எண்ணெயைச் சுட்டு ஏற்றிய கருமை. அதை அலசினால் போதும், சுரண்ட வேண்டாம். ஒட்டாத பூச்சுள்ள ‘நான்ஸ்டிக்’ கல்லை மட்டும் சுரண்டவும் கூடாது, வெறுமனே காயவிடவும் கூடாது. அளவுக்கு மீறிச் சூடானால் அதிலிருந்து வரும் புகை வீட்டில் வளர்க்கும் பறவைகளைக்கூடக் கொன்றுவிடும்.

நான் செய்தது இதுதான். சுடுநீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கம்பி நார் கொண்டு உள்ளும் புறமும் தேய்த்தேன். துணியில் கறுப்பு வருவது குறையும்வரை மூன்று முறை. வார்னிஷ் பூசிய குவாலியாக இருந்தால், தண்ணீரில் இரண்டு கரண்டி சமையல் சோடா போட்டு அதிலேயே கால் மணி நேரம் கொதிக்கவிட்டுத் தேய்க்கலாம். பிறகு ஜன்னல்களைத் திறந்து, மகளை அறைக்கு அனுப்பிவிட்டு, கல்லை அடுப்பில் வைத்தேன். சிறு தீயில் தொடங்கி மெல்லக் கூட்டினேன். மிச்சமிருந்தது புகையாகப் போனது. கல் சாம்பலும் நீலமுமாக நிறம் மாறியது. அதைத் தானாக ஆறவிட வேண்டும். சூடான வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.

ஆறியதும் ஒருமுறை கழுவி, அடுப்பிலேயே ஈரம் காயவைத்து, சில துளி எண்ணெய் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துடைத்தேன். புகை வரும்வரை சுட்டு, ஆறவிட்டு, மறுபடியும் தடவினேன். இப்படி நான்கு முறை. எண்ணெய் அதிகமானால் பிசினாகிவிடும். மெல்லியதாக இருந்தால்தான் சூட்டில் இறுகிப் படலமாகும்.

புகை வாசம் மாடி முழுக்கப் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மக்சிக் எட்டிப் பார்த்து, “புது குவாலியா? தேங்காய்த் துருவலைப் போட்டுக் கறுப்பாகும்வரை வறு” என்றார். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, கூச்சாய் கீரையைக் கொழுப்பில் வதக்கித் தேய்ப்பாராம். எங்கள் அம்மாவுக்கு வடிகஞ்சியில் ஊறவைப்பதும், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பதும். மூன்று வீடு, மூன்று வழி, வேலை ஒன்றே.

இன்னொரு எச்சரிக்கையும் அம்மா தந்தார். கல்லோ குவாலியோ, புதிதாகப் பழக்கியதில் சில மாதங்களுக்குப் புளிக்குழம்பு, தக்காளி எதையும் கொதிக்கவிடக் கூடாது. புளிப்பு, படிந்த படலத்தைத் தின்றுவிடும்.

அப்போதுதான் அம்மாவின் கல் எப்படி அவ்வளவு கறுப்பாக இருந்தது என்று புரிந்தது. அத்தனை வருடத் தோசைகளின் எண்ணெய் அது. லோரிக்காரர் இரும்பின் எடைக்குத்தான் காசு கொடுத்தார். கருமை இலவசமாகப் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். புதுக் கல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் தெளித்தார். வெங்காயத்தால் ஒரு சுற்றுத் தேய்த்து மாவை ஊற்றினார். ஓரம் தானாகக் கிளம்பியது. முதல் தோசை பேத்தியின் தட்டுக்குப் போனது.

“வொர்க்‌ஷாப் வாசம் வருதா?”

“இல்ல பாட்டி. இன்னொன்னு.”

அம்மா கல்லைச் சாய்த்துப் பார்த்தார். “இன்னும் பச்சையாத்தான் இருக்கு. தெனம் சுடு. ஒரு வருஷத்துல நம்ம கல்லாயிடும்” என்றார். ‘நம்ம கல்’ என்ற சொல் போதும் எனக்கு.

வீடு மாறப் போகிறவர்களே, ஒரு பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: ‘தோசைக்கல். யாரும் தொடக் கூடாது.’

அடுத்த வாரம் சந்திப்போம்.