எரிமலையா, அம்மா?

விடுமுறைக்குக் குழந்தைகளோடு ஏற்காடு போய் வந்தோம். சேலத்திலிருந்து மலையேற இருபது கொண்டை ஊசி வளைவுகள். சென்ற முறை ஐந்தாவது வளைவிலேயே சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். இந்தத் தடவை பூரி, வடை எல்லாம் கூடாது என்று இரண்டு இட்லி மட்டும் கொடுத்து, முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்து மலையையே பார்த்துக் கொண்டு வரச் சொன்னேன். சமத்தாக வந்து சேர்ந்தான்.

சங்கடம் வேறு ரூபத்தில் வந்தது. சேர்வராயன் கோயில் வழியில் மண் செக்கச் செவேலென்று கிடந்தது.

"அம்மா, இது எரிமலை வெடிச்ச மண்ணா?" என்றாள் பெரியவள்.

"ஆமாண்டி கண்ணு" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவளும் கோயிலில் எல்லோரிடமும் அதையே சொல்ல ஆரம்பித்தாள்.

அங்கே வந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற பூகோள டீச்சர் சிரித்தார். "இல்லே பாப்பா. இந்தப் பாறைக்குச் சார்னோகைட்னு பேர். சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னே, பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல, சூட்டிலயும் அழுத்தத்திலயும் உருவானது. மேலே இருந்ததெல்லாம் தேய்ஞ்சு போக, இது வெளியே வந்தது. காலங்காலமா மழை பெய்து மத்த சத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. இரும்பும் அலுமினியமும் தங்கிடுச்சு. ஈரத்துல வெச்ச தோசைக்கல் துருப்பிடிக்கிற மாதிரிதான் இந்தச் சிவப்பு. அலுமினியம் எடுக்கிற பாக்சைட்டும் இப்படி வந்ததுதான்" என்றார்.

கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் இந்த வகைதானாம். அதனால் 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிபுணர் அவர் பெயரையே வைத்தாராம். சென்னை பரங்கிமலையில் இதே பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். "உயிரோட இருக்கிற எரிமலை பார்க்கணும்னா, நம்ம நாட்டுல அந்தமான் பக்கம் பாரன் தீவுக்குத்தான் போகணும்" என்றும் சொன்னார்.

எனக்கு முகம் தொங்கிப் போயிற்று. இரவு படுக்கையில் பெரியவள் மெல்லக் கேட்டாள்: "அப்போ நீ சொன்ன மத்ததெல்லாம் நெஜமாம்மா?"

சுருக்கென்றது. கையைப் பிடித்துக் கொண்டு, "தெரியாமலே சொல்லிட்டேன், தப்புதான். இனிமே தெரியாததைத் தெரியாதுன்னே சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து விசாரிப்போம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அப்போ பரங்கிமலைக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

சகோதரிகளே, அடுப்படி அவசரத்தில் நாமும் எத்தனை "ஆமாம்" சொல்லிவிடுகிறோம்! "தெரியலையே, பார்க்கலாம்" என்று சொல்வதால் தாயின் மதிப்பு குறையாது. அடுத்த மாதம் பரங்கிமலைக்குக் கிளம்புகிறோம். அதற்கும் இட்லிதான்!