வேலையும் செய்து கட்டணமும் கட்டுவதா?

நோயாளிக்கு எந்த உணவு, எவ்வளவு என்று அளந்து கூறும் பணி எளிதன்று. சிறுநீரகம் பழுதுற்றவன் உடலில் பொட்டாசியம் மிகுந்தால் இதயமே நின்றுவிடக்கூடும். ஆகவே பயிற்சி வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அதன் செலவை யார் தலையில் கட்டுவது? அதைத்தான் கேட்கிறோம்.

அமெரிக்காவில் பதிவு பெற்ற உணவியல் நிபுணராக விரும்புவோர், குறைந்தது 1,000 மணி நேரம் மருத்துவமனை போன்ற இடங்களில் மேற்பார்வையின் கீழ்ப் பணி பழக வேண்டும். கூலி? பெரும்பாலான இடங்களில் இல்லை! பயிற்சிக் கட்டணத்தையும் அவர்களே கட்ட வேண்டுமாம். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் போன்ற சில இடங்களில் உதவித்தொகை உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே நாட்டில், பதிவான திட்டத்தில் மின்தொழில் பழகுகிறவன் முதல் நாளிலிருந்தே கூலி வாங்குகிறானே! அங்கே தொழிலாளருக்குச் சங்கம் இருக்கிறது, தோழர்களே.

போதாக்குறைக்கு, 2024 ஜனவரி 1 முதல் புதிதாக வருவோர் முதுநிலைப் பட்டம் பெற்றிருந்தால்தான் பதிவுத் தேர்வு எழுதலாம் என்று விதி செய்துவிட்டார்கள். தரம் உயருமாம். உயரட்டும்! கடன் சுமக்க வழியில்லாத தொழிலாளி மகள் எங்கே போவாள்? ஏழையின் அடுப்பங்கரையை அறிந்த அவளை வாயிலிலேயே நிறுத்திவிட்டு, ஏழை நோயாளிக்கு உணவுமுறை சொல்ல யாரை அனுப்பப் போகிறார்கள்?