புதிய பாட்டைப் பழிக்கும் பழைய செவிகள்

திருமண வீடாயினும் தேநீர்க் கடையாயினும், ஐம்பது வயதைக் கடந்த நால்வர் கூடிய இடத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது: “இப்போது வருவதெல்லாம் ஒரு பாட்டா?” சொன்னவர் சான்று தருவதில்லை, கேட்டவர் சான்று கோருவதும் இல்லை. எல்லாரும் தலையசைக்கின்றனர். யாரேனும் ஒருவர் பழைய பாடல் ஒன்றின் பல்லவியை முனகுகிறார். அத்துடன் வழக்கு முடிகிறது, தீர்ப்பும் எழுதப்படுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட புதிய பாட்டுக்கோ கடைசிவரை வாய்திறக்க வாய்ப்பில்லை. நீதிபதிகளுள் ஒருவரேனும் அதை முழுமையாகக் கேட்டிருப்பாரா என்பதும் ஐயமே.

அதே திருமண வீட்டின் மாடிப்படியில் இரண்டு இளைஞர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒரே செவிக்கருவியின் ஒரு முனை ஒருவன் காதில், மறுமுனை மற்றவன் காதில். “இந்த ஆல்பத்தில் நாலாவது பாட்டைக் கேள், முதல் தடவை பிடிக்காது, மூன்றாம் தடவை விடாது” என்கிறான் ஒருவன். “அதைவிட இதைக் கேள்” என்று மற்றவன் வேறொன்றை நீட்டுகிறான். ஆண்டு முடிவில் தமக்குப் பிடித்த பத்துப் புதிய ஆல்பங்களை வரிசைப்படுத்தி எழுதி, நண்பர்களுக்கு அனுப்பி, வரிசைக்காகச் சண்டையிட்டு, பின்பு சமாதானமாகும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. பெரியவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கின்றனர். வேலையற்ற வேலை என்கின்றனர். இக்கட்டுரை அந்தப் பிள்ளைகளின் பக்கம் நின்று, அந்தப் பெரியவர்களை எதிர்த்து எழுதப்படுகிறது.

முதலில் ஒன்றை நினைவூட்ட வேண்டும். இந்தப் பகிர்தல் இன்று முளைத்த நோயன்று. ‘ஆல்பம்’ என்னும் சொல்லே அதற்குச் சாட்சி. பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் மட்டுமே ஓடிய பழைய இசைத்தட்டுகளை, நிழற்படத் தொகுப்பைப் போல உறைகளாகக் கட்டிய ஏட்டில் சேர்த்து வைத்தனர். அந்த ஏடே ஆல்பம் எனப்பட்டது. 1948இல் நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தபோது அத்தனை பாடல்களும் ஒரே தட்டில் அடங்கின. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை அறிமுகம் செய்தது. எண்பதுகளில் நம் ஊர்க் கடைத்தெருக்களில் என்ன நடந்தது? வெற்று கேசட் ஒன்றை வாங்கி, பிடித்த பாடல்களைத் தாளில் எண்ணிட்டு எழுதி, பதிவுக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தவர்கள் யார்? அறுபது நிமிடக் கேசட்டில் எந்தப் பாட்டை ‘ஏ’ பக்கத்தின் முதலில் வைப்பது என்று நண்பனோடு வாதிட்டவர்கள் யார்? இன்று “இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று கேட்பவர்களேதாம். கருவி மாறியிருக்கிறது. 2015 ஜூலை முதல் உலகின் பல நாடுகளில் புதிய ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரே நாளில் வெளியாகின்றன. தாளுக்குப் பதில் கைப்பேசி வந்திருக்கிறது. செயலோ மாறவே இல்லை.

இனி, பழமைவாதிகளின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“அக்காலத்தில் எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு” என்பது முதல் வாதம். இது நினைவு செய்யும் மாயம். காலம் ஒரு சல்லடை. நாற்பது ஆண்டுகளாகச் சலித்துச் சலித்து, பதரெல்லாம் போய், எஞ்சிய மணிகளை ஒரு கையில் வைத்துக்கொள்கிறோம். மறு கையில் இன்று களத்திலிருந்து வந்த நெல்லை, தூசியும் வைக்கோலுமாய் அள்ளிக்கொள்கிறோம். இரண்டையும் எடைபோட்டு, “பார், அன்றைய விளைச்சலே விளைச்சல்” என்கிறோம். இளையராஜா இசையமைத்த படங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவருடைய தீவிர அன்பரிடம் அவற்றுள் நூறு படங்களின் பாடல்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஐம்பதைத் தாண்டும்போதே மூச்சு வாங்கும். மேதையின் படைப்புகளுக்கே சல்லடை இத்தனை கடுமை காட்டுமானால், அக்காலத்துச் சாதாரண இசையமைப்பாளர்களின் கதியை என்னென்பது! அவர்களை நாம் மறந்துவிட்டோம். மறந்துவிட்டு, அவர்கள் இருந்ததே இல்லை என்கிறோம்.

“புதுமை என்ற பெயரில் மரபைக் கெடுக்கிறார்கள்” என்பது இரண்டாம் வாதம். மரபு என்று நாம் கைகூப்பும் ஒவ்வொன்றும் ஒரு நாள் புதுமை என்று பழிக்கப்பட்டதே. திருச்சபையின் வரலாறே இதற்கு முதற்சான்று. 1324ஆம் ஆண்டையொட்டி, அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை 22ஆம் யோவான், அன்றைய புதிய பல்குரல் இசையைக் கண்டித்து ஆணை எழுதினார். சுரங்களைத் துண்டாடுகிறார்கள், பழைய இன்னிசையைப் புதிய ஓசைகளால் மூடிவிடுகிறார்கள் என்பது அவரது மனக்குறை. சில பத்தாண்டுகளே சென்றன. ரேம்ஸ் நகரப் பேராலயத்தின் குருவரங்க உறுப்பினரான கியோம் தெ மஷோ, அந்தப் புதிய பாணியிலேயே திருப்பலிக்கு இசையமைத்தார். இன்று அது மேலைத் திருவழிபாட்டிசையின் கருவூலங்களுள் ஒன்று. 1706இல் ஜெர்மனியின் ஆர்ன்ஷ்டாட் நகரில், இருபது வயது ஆர்கன் கலைஞன் ஒருவனைத் திருச்சபை மேலாளர்கள் அழைத்துக் கடிந்துகொண்டனர். அவன் பாடல்களுக்கிடையே விந்தையான சுரங்களைக் கலந்து சபையாரைக் குழப்புகிறான் என்பது புகார். அவன் பெயர் யோகான் செபஸ்தியான் பாக். புகார் எழுதியவர்களின் பெயரை இன்று யார் அறிவார்?

நம் நாட்டுக்கு வருவோம். கருநாடக இசை மேடையில் இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அதுவோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் ஐரோப்பியரிடமிருந்து ஏற்றுக்கொண்ட அயல்நாட்டுக் கருவி. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. 1952 முதல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த காலத்தில், தரம் தாழ்ந்தவை என்று கருதப்பட்ட திரைப்பாடல்கள் அவ்வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயின. மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினர். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டபோதுதான் திரைப்பாடல் வீடு திரும்பியது. வாசகரே, இங்குச் சற்று நில்லுங்கள். ‘பொற்காலம்’ என்று நாம் உருகும் ஐம்பதுகளின் பாடல்களையே அன்றைய பெரியவர்கள் கீழ்த்தரம் என்று வாசலில் நிறுத்தினர். வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்த நாம், இன்று வாசற்காவலர்களாகியிருக்கிறோம்.

1992இல் ‘ரோஜா’ வந்தபோதும் இது இசையன்று, இயந்திரம் என்று முகஞ்சுளித்தவர்கள் இருந்தனர். அந்த ஒலிநாடாவை நண்பர்களுக்குள் கைமாற்றிக் கைமாற்றித் தேய்த்த கல்லூரி மாணவர்களுக்கு இன்று ஐம்பதுக்கு மேல் வயது. அவர்களுள் பலர் இன்று தம் மகனிடம் என்ன கூறுகின்றனர் தெரியுமா? “ரோஜாவோடு இசை முடிந்துவிட்டது” என்கின்றனர். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இளையராஜா 1986இல் பாக்கையும் தியாகராசரையும் ஒரே பந்தியில் அமரவைத்து ஓர் இசை ஆல்பம் தந்தார். எண்பத்தொரு வயது நிறைந்த பின்னர், 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் தம் முதற் சிம்பொனியை அரங்கேற்றினார். எண்பதைக் கடந்தவர் புதியதைப் படைக்கிறார். ஐம்பதைத் தொட்ட அவரது அன்பர்கள் புதியதைக் கேட்க மறுக்கின்றனர்! இதை அவருக்குச் செய்யும் மரியாதை என்பதா?

மூன்றாம் வாதம் ஒரே சொல்லில் அடங்கும்: “இரைச்சல்.” இச்சொல்லை நாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று மனச்சான்றோடு ஆராய வேண்டும். பறையும் சட்டியும் அடித்து, சென்னையின் குடிசைப் பகுதிகளிலும் இறுதி ஊர்வலங்களிலும் வளர்ந்த கானாவை நெடுங்காலம் நாம் பாட்டு என்றே எண்ணவில்லை. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு சென்னையில் மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லையே பெயராகக் கொண்டு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் இணைத்து அது பாடியது. அவ்வாண்டே ‘மகிழ்ச்சி’ என்ற ஆல்பத்தையும் வெளியிட்டது. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. நிலமற்று, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து மாண்ட முன்னோரின் நினைவு அதன் வேர். இப்பாடல்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கேட்டவர்கள் நம் பிள்ளைகள். அவற்றில் கூலியையும் நிலத்தையும் இழிவையும் பற்றிய நியாயமான கோபம் இருந்தது. நாம் அதே ஒலியைக் கேட்டு, “ஒரே இரைச்சல்” என்று கதவைச் சாத்தினோம். கருவியின் ஓசை நம் காதை உறுத்தியதா, அந்தக் கருவியை ஏந்திய கைகள் யாருடையவை என்பது நம் மனத்தை உறுத்தியதா? இக்கேள்விக்கு ஒவ்வொருவரும் தனிமையில் விடை காணட்டும். ‘ரசனை’ என்ற நல்ல சொல்லின் பின்னால் பழைய தீட்டு ஒளிந்துகொள்ள இடம் தரலாகாது.

எதிர்ப்பக்கத்தின் கூற்றில் உண்மையே இல்லையா? உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பெண்ணை இழிவுபடுத்தும் வரிகள் உண்டு. குடியைக் கொண்டாடும் பாட்டுகள் உண்டு. அவற்றைக் கண்டிப்பது கடமை. ஆனால் கண்டிக்கிறவர் முதலில் கேட்டிருக்க வேண்டும். எந்தப் பாட்டில் எந்த வரி தவறு என்று சுட்ட வேண்டும். பழைய பாடல்களில் இருந்த அதே தவற்றையும் அதே கோலால் அளக்க வேண்டும். மொத்தமாகப் பழிப்பவரின் கண்டனத்தைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. மதிக்க வேண்டிய நியாயமும் இல்லை.

இளையோரிடமும் சொல்ல ஒன்று உண்டு. ‘ஸ்பாட்டிஃபை’ போன்ற தளத்தில் முப்பது நொடி ஓடினாலே ஒரு பாடல் கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. வணிகருக்கு அந்தக் கணக்குப் போதும், இரசிகனுக்குப் போதாது. “எத்தனை இலட்சம் பேர் பார்த்தார்கள், யாருடைய பாட்டு யாருடையதை முந்தியது” என்று எண்களைப் பகிர்வது இசையைப் பகிர்வது ஆகாது. அது பந்தயச் சீட்டைப் பகிர்வது. ஆல்பத்தை முதலிலிருந்து முடிவுவரை இரண்டு முறையேனும் கேளுங்கள். பிறகு, ஏன் பிடித்தது என்று ஒரு சொல் சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் நண்பன் உங்களைக் காண்பான்.

இங்கேதான் இவ்விவாதத்தின் உயிர்நாடி இருக்கிறது. பதினேழு வயது மகள் கைப்பேசியை நீட்டி, “அப்பா, இதைக் கேட்டுப் பாருங்களேன்” என்கிறாள். அவள் நீட்டுவது பாட்டு மட்டும்தானா? நேராகச் சொல்லத் தெரியாத தன் துயரத்தை, தன் கனவை, தன் வயதின் குழப்பத்தை யாரோ ஒருவர் மெட்டில் சொல்லிவிட்டார் என்று கண்டு, அதை உங்களிடம் கொண்டுவருகிறாள். “இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று நீங்கள் கேட்ட கணத்தில் கதவு ஒன்று சாத்தப்படுகிறது. அவள் மறுமுறை வரமாட்டாள். நான்கு ஆண்டுகள் கழித்து, “பிள்ளை என்னிடம் எதையும் சொல்வதில்லை” என்று பங்குத்தந்தையிடம் முறையிட வருவீர்கள். அவள் சொன்னாள்; மூன்றரை நிமிட நேரம் சொன்னாள். நீங்கள்தாம் முப்பது நொடியில் நிறுத்திவிட்டீர்கள்.

இசைக்கலைஞன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. படத்தின் துணையின்றி, பெரிய நடிகரின் முகமின்றி, தன் கைப்பொருளைச் செலவழித்துத் தனி ஆல்பம் வெளியிடும் இளைஞனுக்கு விளம்பரம் ஏது? ஓர் இரசிகன் மற்றோர் இரசிகனுக்குச் சொல்லும் “இதைக் கேள்” என்ற சொல்லே அவனுக்குக் கிடைக்கும் ஆதரவு. இன்றைய பிள்ளைகள் அதைக் கூலியின்றிச் செய்கின்றனர். புதிய பாட்டை எவரும் கேட்காத நாட்டில் நாளைக்குப் பழைய பாட்டு எங்கிருந்து வரும்?

96ஆம் திருப்பாடலும் 98ஆம் திருப்பாடலும் நம்மிடம் கேட்பது புதிய பாடலையே. ஞாயிறுதோறும் அவற்றை நாவால் சொல்லிவிட்டு, திங்கள்தோறும் புதியதைப் பழிப்பது முரண்பாடு.

ஆகவே, பெற்றோரே, பெரியோரே, பழைய பாடல்களைக் கைவிடுமாறு யாரும் உங்களைக் கேட்கவில்லை. இந்த மாதம் ஒரே ஒரு மாலை, உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், “இந்த ஆண்டு வந்ததில் உனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் எது?” என்று கேளுங்கள். அவன் வியப்பான். வியப்பு தீர்ந்தபின் ஒன்றை எடுத்துவருவான். அருகில் அமர்ந்து, இடையில் எழாமல், கைப்பேசி அழைப்புக்குச் செவிகொடாமல், முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள். கேட்டபின் தீர்ப்பளிக்கும் உரிமையை எவரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. கேளாமல் தீர்ப்பளிக்கும் உரிமையோ எவருக்கும் தரப்படவில்லை.