மூணாவது ஆள் வந்தா முகமே காணோம்!



இந்த வாரக் கேள்வி ஒரு ஃபைனல் இயர் மாணவரிடமிருந்து. "அண்ணா, லேபில் சும்மா கிடந்த ஒரு மெஷினில் ஜிட்சி மீட் போட்டு எங்க ப்ராஜெக்ட்டை ஓட்டுறோம். ரெண்டு பேர் பேசினா பளிச்சுனு இருக்கு. வெளியிலேர்ந்து மூணாவது ஆள் உள்ளே வந்தா படமும் போச்சு, சத்தமும் போச்சு. 'இந்த மெஷின் ரெண்டு பேருக்கு மேல தாங்காது, புது சர்வர் வாங்குங்க'ன்னு எல்லாரும் சொல்றாங்க. அடுத்த வாரம் ரிவ்யூ. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிடலாமா?"

காசை முதல்ல பத்திரமா உள்ளே வைங்க பாஸ்! கோளாறு மெஷின்ல இல்லாம இருக்க நிறைய சான்ஸ் இருக்கு.

ஜிட்சியில் ஒரு சின்ன விஷயம் உண்டு. ரூமில் ரெண்டே பேர் இருந்தால், முடிந்தவரை அவங்க கம்ப்யூட்டர்களை நேரடியா இணைச்சு விட்டுடும். பியர் டு பியர் என்கிறோமே, அதான். மூணாவது ஆள் வந்த பிறகுதான் எல்லாருடைய படமும் குரலும் 'வீடியோ பிரிட்ஜ்' என்ற பகுதி வழியா போகும். அதாவது, ரெண்டு பேர் ஜோரா பேசினப்ப உங்க பிரிட்ஜ் வேலையே பார்க்கலை. கல்யாண புரோக்கர் மாதிரி அறிமுகம் பண்ணி வெச்சுட்டு சர்வர் ஓரமா நின்னுடுச்சு. 'ரெண்டு வரைக்கும் தாங்குச்சு'ன்னு நீங்க அதுக்கு மார்க் போட்டதே தப்பு!

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் வேலை, கான்ஃபிக் ஃபைலில் பியர் டு பியர் வசதியை ஆஃப் பண்ணுங்க. இப்ப லேபில் ஒருத்தர், மொபைல் டேட்டாவில் ஒருத்தர்னு ரெண்டே பேர் பேசிப் பாருங்க. ரெண்டு பேருக்கே படம் வரலையா? அப்ப எண்ணிக்கை மேல பழி போட முடியாது. பிரிட்ஜுக்குப் போற பாதைதான் அடைபட்டிருக்கு.

அடுத்து, லேபுக்குள்ளேயே மூணு பேர் சேர்ந்து பாருங்க. உள்ளே ஓகே, வெளி ஆளுக்கு மட்டும் கறுப்புத் திரைன்னா பெரும்பாலும் ரெண்டு காரணம்தான்.

ஒண்ணு, ஃபயர்வால். ஜிட்சியின் வெப் பக்கம் டிசிபி 443-ல் வரும். படமும் குரலும் வழக்கமா யூடிபி 10000 வழியா போகும். கேம்பஸில் 443 திறந்திருக்கும், 10000 மூடியிருக்கும். அதனாலதான் பக்கம் திறக்குது, ரூமுக்குள்ளே நுழைய முடியுது, ஆனா முகம் மட்டும் வரலை.

இன்னொண்ணு, முகவரி. சர்வர் ரூட்டருக்குப் பின்னாடி இருந்தால், அது தன் 192.168-ல் தொடங்குற உள் முகவரியையே வெளியாளிடம் கொடுக்கும். அந்த முகவரிக்கு அவரால எப்படி வர முடியும்? பிரிட்ஜ் செட்டிங்கில் பப்ளிக் ஐ.பி. முகவரியைச் சொல்லிக் கொடுத்து, ரூட்டரில் 10000-ஐ சர்வருக்குத் திருப்பி விடணும். இது ரெண்டுக்கும் நெட்வொர்க் அட்மின் சாரிடம் முறைப்படி லெட்டர் கொடுத்துக் கேளுங்க. நீங்களா கை வைக்காதீங்க!

அப்ப நிஜமான லிமிட்டே கிடையாதா?

உண்டு. கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒருத்தர் வீடியோ 500 கேபிபிஎஸ்னு வெச்சுக்குவோம். 10 பேர் இருந்தா சர்வருக்குள்ளே வர்றது 5 எம்பிபிஎஸ்தான். ஆனா ஒவ்வொருத்தருக்கும் மத்த 9 பேர் படத்தையும் அனுப்பணுமே! 10 பெருக்கல் 9, அதில் பாதி. 45 எம்பிபிஎஸ் வெளியே போகணும். 15 பேர்னா 105. லேபில் இருக்கிறது பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்னா கதை அங்கேயே முடிஞ்சது. 20 பேர்னா 190. ஆள் ரெண்டு மடங்கு, சுமை நாலு மடங்குக்கும் மேல!

இதுக்கும் புது சர்வர் வாங்கத் தேவையில்லை. கடைசியாப் பேசினவங்களில் இத்தனை பேர் படம் மட்டும் போதும்னு சொல்ல ஒரு செட்டிங் இருக்கு. படத்தின் தரத்தையும் குறைச்சுக்கலாம். பிரிட்ஜ் படத்தைப் பிரிச்சுக் கோக்காம அப்படியே தள்ளிவிடுறதால சி.பி.யு.வுக்குப் பெரிய வேலை இல்லை. எல்லார் படத்தையும் கலந்து ஒரே படமாக்கும் எம்.சி.யு. வகை சர்வர்னாதான் சி.பி.யு. முதல்ல திணறும்.

100 பேரைத் தாண்டும்போது லினக்ஸ் ஒரு ப்ராசஸுக்குக் கொடுக்கிற ஃபைல், த்ரெட் அளவுகளும் குறுக்கே வரலாம். சிஸ்டம்டி செட்டிங்கில் அதை 65000 ஆக உயர்த்தச் சொல்லுது ஜிட்சியின் கையேடு.

லைசென்ஸ் போட்ட சிப் சர்வர்களில் இன்னொரு கூத்து, பேய் கால்! பேசிட்டிருந்தவர் லேப்டாப் பொட்டுனு அணைஞ்சா 'முடிச்சுட்டேன்'ங்கிற தகவல் சர்வருக்குப் போகாது. ஆள் இல்லாத காலுக்கு ஒரு இடம் பிடிச்சு வெச்சிருக்கும். இதுக்காகவே 2005-ல் செஷன் டைமர் முறையை ஆர்.எஃப்.சி. 4028 ஆக வெளியிட்டாங்க. 'இருக்கீங்களா?'ன்னு அப்பப்ப கேட்டு, பதில் இல்லைன்னா இடத்தைக் காலி பண்ணிடும்.

நோட்டில் எழுதிக்கங்க

* ஆள் சேரச் சேர படம் கொஞ்சம் கொஞ்சமா உடையுதா? பேண்ட்வித் அல்லது சி.பி.யு.
* எப்பவும் ஒரே எண்ணிக்கையில் கதவு சாத்துதா? லைசென்ஸ் அல்லது செட்டிங்.
* நாளாக ஆக எண்ணிக்கை குறைஞ்சு, ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுதா? பேய் கால்.
* எத்தனை பேர்ங்கிறதை விட எங்கிருந்து வர்றாங்கங்கிறதைப் பொறுத்து மாறுதா? நெட்வொர்க் பாதை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க. என்ன மாத்தினீங்க, என்ன ஆச்சுன்னு உடனே எழுதிடுங்க. நாலையும் ஒண்ணா மாத்தி சரியாயிட்டா, எதனால சரியாச்சுன்னு உங்களுக்கே தெரியாது. ரிவ்யூவில் எக்ஸாமினர் கேட்கப்போறதே அதைத்தான்!

கடைசியா ஒரு விஷயம். ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் 2003-ல் ஸ்டூடன்ட் ப்ராஜெக்டா ஆரம்பிச்சதுதான் இந்த ஜிட்சி. அதனால, 'வெறும் காலேஜ் ப்ராஜெக்ட்தானே'ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு, பியர் டு பியரை ஆஃப் பண்ணி டெஸ்ட்டை ஆரம்பிங்க. ஆல் த பெஸ்ட்!

அடுத்த வாரம் பார்ப்போம்... வரட்டா?