திறக்கக் கூடாத பெட்டி

அறுபது வருஷத்துக்கு முந்தைய கிதார் ஆம்ப்ளிபையர் ஒன்றை விலை பேச வருகிறவர் இப்போதெல்லாம் முதலில் கேட்கும் கேள்வி, "இது நன்றாகப் பாடுகிறதா?" என்பதல்ல, "உள்ளே யாராவது கை வைத்திருக்கிறார்களா?" என்பதுதான். கை வைக்கவில்லை என்று தெரிந்தால் அவர் முகம் மலர்கிறது, விலை ஏறுகிறது. உள்ளே ஒரே ஓர் ஈயப்பற்று புதிதாக மினுங்கினாலும் போதும், முகம் சுருங்குகிறது, விலை இறங்குகிறது. அமெரிக்காவில் இது ஒரு மதமாகவே ஆகிவிட்டது. அந்த மதத்தோடு எனக்குச் சண்டை.

ஆம்ப்ளிபையர் என்றதும், கல்யாணப் பந்தலில் காதைப் பிளக்கிற சமாசாரம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். நான் சொல்வது ஹார்மோனியப் பெட்டியைவிடச் சிறியது. மரப்பெட்டி, அதன்மேல் மஞ்சள் ட்வீட் துணி, தூக்கிப் போவதற்கு ஒரு தோல் பிடி. உள்ளே எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, வால்வு மூன்று. கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் என்பவர் செய்து விற்ற 'சாம்ப்' என்ற பெட்டி அது. திருகுவதற்கு ஒரே குமிழ்தான். விளக்கைப் போடுவதும் அதுதான்; ஒலியைக் கூட்டுவதும் அதுதான். 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு கிதாரிலிருந்து வரும் மெல்லிய சப்தத்தைப் பெரிதாக்கும். 6வி6 என்ற வால்வு ஸ்பீக்கரை ஓட்டும். மூன்றாவதான 5ஒய்3, முன்னும் பின்னும் அலைகிற மின்சாரத்தை ஒரே திசையில் ஓடச் செய்யும். மொத்த சக்தி ஐந்து வாட் அளவுதான். கற்றுக்கொள்ளுகிற பையன்களுக்கென்று செய்த மலிவுச் சரக்கு!

மலிவுச் சரக்குதான், ஆனால் 1970-ல் மியாமி நகரத்து ஸ்டூடியோவில் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் 'லைலா' இசைத்தட்டைப் பதிவு செய்தபோது இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகளைத்தான் வைத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. வால்வை அதன் எல்லைவரை விரட்டினால் அதன் குரல் லேசாகக் கம்மி, ஒரு உருக்கம் வருகிறது. ஐம்பது வாட் பெட்டியில் அந்த எல்லையைத் தொடுவதற்குள் கட்டடம் ஆடிவிடும். சாம்ப் அதை ஓர் அறைக்குள்ளேயே தந்துவிடுகிறது. இப்போது அந்த மலிவுச் சரக்கு, ட்வீட் துணி போர்த்தியது, நல்ல நிலையில் ஆயிரம் டாலருக்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம். மதம் பிறப்பதற்கு வேறென்ன வேண்டும்?

என்னிடம் இருப்பது 1959 மார்ச்சில் செய்தது. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணையில் 'ஐ', 'ஸி' என்று இரண்டு ஆங்கில எழுத்து முத்திரை இருக்கிறது. முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். 1951-க்கு 'ஏ' என்று வைத்து எண்ணிக்கொண்டு வந்தால் கணக்குச் சரியாக வரும். கலிபோர்னியாவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்ட பிறகு அந்த மனிதர் எனக்குப் புத்திமதி சொன்னார்: "உள்ளே எதையும் மாற்றிவிடாதீர்கள். எல்லாம் தொழிற்சாலையில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. ரொம்ப வாசிக்கவும் வேண்டாம். பத்து வருஷம் சும்மா வைத்திருங்கள், விலை இரட்டிப்பாகும்."

சும்மா வைத்திருப்பதற்கு எனக்கு வேறு சாமான்கள் இல்லையா? தம்பி வீட்டுச் சுவரில் செருகினேன். பெட்டி 'ம்ம்ம்' என்று முனகியது. கிதாரைத் தொடாமலே முனகல். வாசித்தால், முனகலுக்கு மேலே வாசிப்பு!

இந்த முனகல் எதனால் என்று தெரிந்துகொண்டால் மதத்தின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிடும். 5ஒய்3 வால்வு மின்சாரத்தை ஒரே திசையில் திருப்புகிறதே தவிர, அதைச் சீராக்குவதில்லை. அலை அலையாகத்தான் அனுப்புகிறது. மழைக்காலத்தில் தாறுமாறாக வரும் தண்ணீரை ஏரி வாங்கிக்கொண்டு மதகு வழியாக ஒரே சீராக விடுகிறதல்லவா? அந்த ஏரி வேலையைச் செய்பவை எலக்ட்ரோலைட்டிக் கண்டென்ஸர்கள். சாம்பில் அப்படி மூன்று: 16, 8, 8 மைக்ரோபாரட். அவற்றுக்குள் இருப்பது ஈரமான ஒரு பொருள். ஈரம் என்றால் ஒரு நாள் உலரத்தானே வேண்டும்? இருபது வருஷம் தாங்கினால் யோகம். அறுபது வருஷத்துக்கு மேல் ஆன கண்டென்ஸர் தூர்ந்துபோன ஏரி. இரண்டு வால்வுகள் எதிரெதிராக நின்று ஸ்பீக்கரை ஓட்டுகிற பெரிய பெட்டிகளில் முனகலின் ஒரு பகுதி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். சாம்பில் ஒரே வால்வு. முனகலை மறைக்க ஆள் இல்லை.

முனகுவதோடு நின்றால் பரவாயில்லை, காதைப் பொத்திக்கொள்ளலாம். உலர்ந்த கண்டென்ஸர் ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே இணைந்து போய்விடும். அப்போது முன்னூறு வோல்ட்டுக்கு மேலான மின்சாரத்துக்கு நேர் பாதை கிடைத்துவிடுகிறது. முதலில் 5ஒய்3 போகும். கூடவே டிரான்ஸ்பார்மரும் கருகும். வால்வு இன்றைக்கும் கிடைக்கும். 1959-ல் சுற்றிய அந்த டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது? அசலைக் காப்பாற்றுகிறேன் என்று சில டாலர் பெறாத கண்டென்ஸர்களைத் தொடாமல் வைத்திருந்து, அசலிலேயே பெரிய அசலைச் சாம்பலாக்கிவிடுகிறார்கள். கடுகு போன இடம் ஆராய்கிறவர்களுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டிகளின் மின்கம்பிக்கு இரண்டே முனைகள், எர்த் கிடையாது. போதாக்குறைக்கு, பல பெட்டிகளில் சுவரிலிருந்து வரும் கம்பிக்கும் உள்ளிருக்கும் உலோகத் தட்டுக்கும் இடையே ஒரு சிறு கண்டென்ஸர் உண்டு. அது பழுதானால் சுவர் மின்சாரம் நேரே தட்டுக்கு வந்துவிடும். தட்டிலிருந்து கிதாருக்கு ஒரு வயர். கிதாரில் உலோகத் தந்திகள். தந்திமேல் மனிதனுடைய விரல்கள். வாத்தியக்காரர்களே அதற்குச் 'சாவுக் கண்டென்ஸர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டிகளைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்பதில்லை. எர்த் சரியில்லாத எந்தக் கருவியும் யமன்தான். 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்ஸி நகரத்து மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிதார் வித்வான் மைக்கைத் தொட்டார்; அங்கேயே இறந்தார். 1976-ல் யார்ட்பர்ட்ஸ் கோஷ்டியின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் தம் வீட்டிலேயே எலக்ட்ரிக் கிதார் வாசித்தபோது ஷாக் அடித்து மாண்டார். இவ்வளவுக்குப் பிறகும், "இரண்டு முனைக் கம்பியை மாற்றிவிட்டீர்களா? அடடா, அசல் போச்சே!" என்று அங்கலாய்க்கிறவர்களை என்ன சொல்லுவது? அசல் எது, ஸ்வாமி? கம்பியா, வாசிக்கிறவன் உயிரா?

நம் ஊரில் மிருதங்கம் வாசிக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். "இது என் தாத்தா வாசித்த கட்டை" என்று பலாமரக் கட்டையைத் தடவிக் காட்டுவார். "இது என் தாத்தா வாசித்த தோல்" என்று எந்த வித்வானாவது சொல்லிக் கேட்டதுண்டா? தோல் தேயும், வார் தளரும், மாற்றுவார்கள். வீணையின் மெட்டுகளுக்கு அடியிலுள்ள மெழுகு கெட்டுப்போனால் மேளம் கட்டுவார்கள். அதனால் அது பழைய வீணை இல்லை என்று யாரும் வழக்குப் போட்டதில்லை. எது உடம்பு, எது தேய்ந்து மாறவேண்டியது என்ற விவேகம் வாத்தியத்தோடு பழகுகிறவனுக்குத் தானாக வரும். வாத்தியத்தைப் பத்திரமாக, வங்கி ரசீதாக, மனைக்கட்டாகப் பார்க்கிறவனுக்கு வராது.

செய்தவருக்கே அந்த விவேகம் இருந்தது. லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ரிப்பேர் செய்யத் தெரியும். 1938-ல் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்த மனிதர். எதை எப்படிச் செய்தால் பிற்பாடு அவிழ்த்துச் சரிசெய்ய முடியும் என்பது அவருக்குக் கை வந்த சங்கதி. சாம்பின் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். ஓர் அட்டை, அதில் வரிசையாகப் பித்தளைக் கண்கள், ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சாமானின் கால் ஈயத்தில் நிற்கிறது. சூடு காட்டினால் வந்துவிடும். பழையதை எடு, புதியதை வை என்று அந்த அட்டையே சொல்லுகிறது. 6வி6 தேய்ந்தால் பிடுங்கிவிட்டு இன்னொன்று செருகலாம். 470 ஓம் ரெஸிஸ்டர் ஒன்று அதற்கு வேண்டிய நிலையைத் தானாகவே அமைத்துக்கொடுக்கும். 1965-ல் அவர் தம் கம்பெனியை ஸி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அவர் மனசில் இந்தப் பெட்டிகள் கண்ணாடி அலமாரிக்குப் போகும் என்ற நினைப்பு இருந்திருந்தால் பித்தளைக் கண் எதற்கு?

பெட்டி சென்னைக்கு என்னோடு வந்தது. ரிச்சி தெரு பக்கத்தில் வால்வு ரேடியோ காலத்திலிருந்தே வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"மூணே வால்வா? அஞ்சு வால்வு ரேடியோவே இதைவிடக் கஷ்டம், ஸார்."

"அமெரிக்காவில் இதைத் தொடவே கூடாது என்கிறார்கள், ஐயா."

"தொடாம எப்படி ஸார் ரிப்பேர் பண்றது?"

அவருக்கு அது வேடிக்கையான கேள்வி. முதலில் கண்டென்ஸர்களில் தங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு ரெஸிஸ்டர் வழியாக வடித்தார். சுவரிலிருந்து பிடுங்கிவிட்டாலும் அது உள்ளே பதுங்கியிருக்கும்; தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது. பிறகு மூன்றையும் மாற்றி, எர்த்தோடு மூன்று முனைக் கம்பி போட்டார். நம் 230 வோல்ட்டை 115 ஆக இறக்கித் தருகிற தனி டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் வாங்கச் சொன்னார். "அம்பது சைக்கிள்ல கொஞ்சம் ஜாஸ்தி சூடாகும். மணிக்கணக்கா ஓட்டாதீங்க" என்றார். முனகல் நின்றது.

புதுக் கண்டென்ஸர் போட்டால் நாதம் மாறிவிடுமே என்பார்கள். மாறும். 1959 மார்ச்சில் அந்தப் பெட்டிக்குள் இருந்ததும் புதுக் கண்டென்ஸர்தானே? அப்போது கேட்ட நாதத்துக்குத்தான் அது திரும்புகிறது. நோயாளியின் இருமலை அவருடைய இயற்கைக் குரல் என்று ரசிக்க என்னால் ஆகாது.

இதைச் சொல்லும்போதே எதிர்க் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியை 'அபிவிருத்தி' செய்கிறேன் என்று தட்டில் துளை போட்டுக் குமிழ்களை நட்டு, 16 மைக்ரோபாரட் இருந்த இடத்தில் 100-ஐத் திணிக்கிறவர்கள் உண்டு. 5ஒய்3 வால்வுக்கு அந்தச் சுமையைத் தாங்கும் சக்தி இல்லை. அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஸ்பீக்கரும் ஒலி டிரான்ஸ்பார்மரும் துணியும் நன்றாக இருக்கிறவரை அவற்றைத் தொடாதே என்பதுதான் என் கட்சியும். வால்வுகளுக்கு நடுவே இருக்கும் சிறிய மஞ்சள் கண்டென்ஸர்களைக்கூட, அவை கசிகின்றனவா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். கசிந்தால் 6வி6-இன் தகடு சிவந்து ஒளிரும். கசியாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும். கழற்றிய பழைய கண்டென்ஸர்களை ஒரு துணிப்பைக்குள் போட்டு, மாற்றிய தேதியைச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வாங்குகிறவர் அந்தப் பிணங்களை மறுபடி அட்டையில் ஏற்ற விரும்பினால் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம்.

அலமாரிக்காரர்கள் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. 12ஏஎக்ஸ்7-ம் 6வி6-ம் இன்றைக்கும் புதிதாகச் செய்யப்படுகின்றன: ரஷ்யாவில் ஸராடோவ் நகரில், ஸ்லோவாக்கியாவில் சாட்ஸா என்ற ஊரில், சீனாவில். ஏறக்குறைய இவ்வளவுதான் உலகம். 2022 மார்ச்சில், உக்ரைன் யுத்தம் தொடங்கியதும், ரஷ்ய வால்வுகள் வெளியே போகத் தடை வந்தது. விலை ஏறிற்று, உலகம் முழுதும் கிதார்க்காரர்கள் வால்வு வாங்கிப் பதுக்கினார்கள். அப்புறம் மறுபடி வரத் தொடங்கின. அந்தத் தொழிற்சாலைகளின் அடுப்பு எரிவது யாரால்? தினம் வாசித்து வால்வைத் தேய்த்து, இன்னொன்று கொடு என்று கேட்கிறவனால். கண்ணாடிக்குள் பூட்டிய பெட்டி ஒரு வால்வும் வாங்குவதில்லை. எல்லாரும் அந்த வியாபாரி சொன்ன புத்திமதிப்படியே நடந்தால் ஸராடோவிலும் சாட்ஸாவிலும் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் அவருடைய அலமாரியில், யாரும் கை வைக்காத ஈயப்பற்றோடு, பேசாத மரப்பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், விலைச் சீட்டோடு.