வெயில் குடிக்கும் பால்

சித்திரை பிறந்துவிட்டால் போதும், கிராமத்துப் பால் சொசைட்டிகளில் காலையிலேயே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும்.

"என்னக்கா, பாலு டிகிரியே நிக்கலையே... தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"கழுவிக் கவுத்து வச்ச கேனுலதாம்ப்பா ஊத்தியாந்தேன். ஒரு சொட்டு படல."

அக்கா சொல்வதை யாரும் நம்புவதில்லை. ரசீதில் லிட்டர் குறையும், விலையும் குறையும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கோடையில் பால் நீர்த்துப் போவதற்கு மனிதர்கள் மட்டும் காரணமல்ல. மாட்டுக்குள்ளேயே ஒரு பெரிய திருட்டு நடக்கிறது. அதைச் செய்வது வெயில்.

"வெயில்ல மாடு சரியாத் திங்காது, அதான் பால் கொறையுது" என்பதுதான் ஊரில் சொல்லும் காரணம். பல காலம் விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதில் பாதிதான் உண்மை. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் லான்ஸ் பாம்கார்ட், ராபர்ட் ரோட்ஸ் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். கறவை மாடுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் சூடான அறையில். இன்னொன்று குளிர்ச்சியான அறையில், ஆனால் சூட்டில் நிற்கும் மாடு எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு தீனிதான் அதற்கும். தீனிக் குறைவு மட்டுமே காரணம் என்றால் இரண்டு பக்கமும் பால் ஒரே அளவு குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. சூட்டில் நின்ற மாடுகளுக்கு அதிகமாகக் குறைந்தது. 2009ல் வெளிவந்த முடிவின்படி, பால் குறைவில் சுமார் 35 சதவீதத்துக்குத்தான் தீனி காரணம். 2010ல் வந்த அடுத்த ஆய்வில் அது ஏறத்தாழ பாதி. மிச்சமெல்லாம் தின்ற பிறகும் பாலாக மாறாமல் போனது!

எங்கே போகிறது? குளிர்காலத்தில் ஒரு மாடு பட்டினி கிடந்தால் உடம்பு புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளும். இன்சுலின் குறையும், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு கரையும், தசைகள் அந்தக் கொழுப்பை எரித்துக்கொண்டு குளுக்கோஸை மடிக்கு விட்டுக்கொடுக்கும். மடி அந்தக் குளுக்கோஸில்தான் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையைச் செய்கிறது. லாக்டோஸ்தான் தண்ணீரை இழுத்துப் பாலின் அளவைத் தீர்மானிக்கிறது. குளுக்கோஸ் இல்லையென்றால் லாக்டோஸ் இல்லை, லாக்டோஸ் இல்லையென்றால் லிட்டர் இல்லை.

வெயிலில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. தீனி குறைந்தும் இன்சுலின் குறைவதில்லை, சில சமயம் கூடவே செய்கிறது. கொழுப்பு பூட்டிய பெட்டியிலேயே கிடக்கிறது. தசைகள் குளுக்கோஸையே கேட்கின்றன. இது போதாதென்று, சூட்டை வெளியேற்ற ரத்தம் தோல் பக்கம் ஓடுவதால் குடலுக்கு ரத்தம் குறைந்து குடல் சுவர் பலவீனமாகிறது. கிருமிகளின் நச்சு உள்ளே கசிகிறது. அதோடு சண்டை போடும் எதிர்ப்பு அணுக்களும் குளுக்கோஸைத்தான் அள்ளித் தின்னும். கடைசியில் மடிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

டிகிரி ஏன் விழுகிறது என்பது இதைவிடச் சுவாரசியம். சூடு தாங்காத மாடு முதலில் ஒதுக்குவது வைக்கோலையும் புல்லையும்தான். நார்த்தீனி செரிக்கும்போது வயிற்றில் சூடு அதிகம் கிளம்பும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது போல. தவிட்டையும் கலப்புத் தீவனத்தையும் மட்டும் தின்னும். மேல்மூச்சு வாங்குவதால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேற, அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. வாயிலிருந்து ஒழுகும் எச்சிலோடு இன்னும் கொஞ்சம் போகிறது. வயிற்றுப் புளிப்பை அடக்க வேண்டிய மருந்தே அதுதான். நார் இல்லை, சோடா இல்லை. வயிறு புளித்துப்போய்ப் பால் கொழுப்பு இறங்குகிறது. புரதமும் குறைவதால் எஸ்.என்.எஃப். இறங்குகிறது. சொசைட்டி மிஷின் பொய் சொல்லவில்லை. அந்த அக்காவும் பொய் சொல்லவில்லை.

சரி, இப்போது கணக்குக்கு வரலாம். பி.காம். காஸ்டிங் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கும் இது புரியும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு ஆவினுக்கான பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக உயர்த்தியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. கணக்குக்கு 35 என்றே வைத்துக்கொள்ளலாம். மற்ற எண்கள் எல்லாம் கற்பனை, உதாரணத்துக்கு மட்டும்.

தை மாதம் ஒரு கலப்பின மாடு 12 லிட்டர் கறக்கிறது. வரவு 420. தீனிச் செலவு 260. மிச்சம் 160 ரூபாய். சித்திரையில் அதே மாடு 9 லிட்டர். கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் குறைந்ததால் விலை 33. வரவு 297. தீனிச் செலவு எவ்வளவு குறையும்? மாடு ஒதுக்கியது மலிவான புல்லும் வைக்கோலும்தான், மூட்டைத் தீவனம் அப்படியே உள்ளே போகிறது. 20 ரூபாய் குறைந்ததாக வைத்தால் 240. மிச்சம் 57 ரூபாய்.

பால் குறைந்தது கால்வாசி. கையில் நிற்கிற காசு மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். மாடு தின்னாததால் மட்டும் பால் குறைந்தால் செலவிலும் கணிசமாக மிஞ்சும். தின்றும் கறக்காத அந்தப் பாதிதான் விவசாயியைக் கவிழ்க்கிறது.

பொருளாதாரப் பாடப்படி, வரத்து குறைந்து தேவை கூடினால் விலை ஏற வேண்டும். கோடையில் தயிர், மோர், ஐஸ்கிரீம் எல்லாம் பறக்கின்றன. கறப்பவருக்கோ அந்த மாதங்களில்தான் தரத்தைக் காட்டி விலை இறங்குகிறது. தரத்துக்கு ஏற்ற விலை என்பது தவறான கொள்கை அல்ல. அது இல்லாவிட்டால் கேன் கேனாகக் கிணற்றுத் தண்ணீர்தான் வந்து சேரும். ஆனால் விலைப் பட்டியல் போட்டவர்கள் மனதில் இருந்தது ஏமாற்றுகிற மனிதன். வெயிலில் நிற்கிற மாடு அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

"பேசாம நாட்டு மாடு வளர்க்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு (பெரும்பாலும் பாக்கெட் பால் வாங்குகிறவர்கள்). காங்கேயம் மாடு வெயிலைத் தாங்கும், உண்மை. அது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். கன்றுக்குப் போக ஓரிரு லிட்டர் கிடைத்தால் பெரிது. குறைவாகக் கறப்பதும் அது வெயிலைத் தாங்குவதற்கு ஒரு காரணம். பால் சுரக்கச் சுரக்க உடம்புக்குள் சூடு பிறக்கும். அதிகம் கறக்கிற மாடு தன் அடுப்பைத் தானே சுமந்துகொண்டு நிற்கிறது.

இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு. தெர்மாமீட்டரை மட்டும் பார்ப்பது. மாட்டுக்கு வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்துதான் கணக்கு. இரண்டையும் சேர்த்துப் போடும் குறியீடு 72ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குச் சிரமம் என்பது பழைய எல்லை. அதிகம் கறக்கும் மாட்டுக்கு 68 போதும் என்று பிறகு குறைத்தார்கள். நம்மூர்க் கலப்பினங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தாலே குறியீடு ஏறக்குறைய 72! 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் உள்ள ஊரும், 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள ஊரும் மாட்டுக்கு ஒன்றுதான், இரண்டிலும் குறியீடு 84. அதாவது வேலூர்க்காரர் மாட்டைப் பார்த்துப் பரிதாபப்படும் கடலூர்க்காரர் தன் கொட்டகையையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. அங்கே காற்றோட்டமில்லாத கொட்டகையில் தண்ணீர் தெளிப்பானை மட்டும் வைத்தால் புழுக்கம்தான் கூடும். நனைத்த கையோடு ஃபேனும் ஓட வேண்டும்.

நஷ்டம் கோடையோடு முடிவதும் இல்லை. சினை பிடிப்பது தள்ளிப்போகும். பால் வற்றிய சினை மாட்டை வெயிலில் விட்டால் அடுத்த ஈற்றில் பால் குறையும் என்றும், அப்போது வயிற்றில் இருந்த கிடேரி வளர்ந்து கறக்கும்போதும் குறைவாகவே கறக்கிறது என்றும் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கறக்காத மாடுதானே என்று அதைத்தான் வெளியே மரத்தில் கட்டுவார்கள்.

கேரளத்தில் மில்மாவின் மலபார் ஒன்றியம் 2023ல் ஒரு காப்பீட்டைக் கொண்டுவந்தது. வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டித் தொடர்ந்து சில நாட்கள் நீடித்தால் பணம். மாடு சாக வேண்டாம், யாரும் வந்து பார்க்க வேண்டாம். வெயிலை விவசாயியின் குற்றமாகப் பார்க்காத ஒரு ஏற்பாடு. தமிழ்நாட்டுச் சொசைட்டிகளும் இதைச் செய்யலாம். சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்காவது எஸ்.என்.எஃப். பிடித்தத்தைத் தளர்த்தலாம். கலப்படச் சந்தேகம் வந்தால் பாலை முறையாகச் சோதிக்கட்டும், ஆளை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டாம்.

அதுவரை? சிமெண்ட் அட்டைக் கூரைமேல் தென்னங்கீற்று, நாள் முழுக்கத் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர், தீனியை விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் போடுவது. இதெல்லாம் அதிகச் செலவில்லாதவை. ஃபேன்தான் யோசிக்க வைக்கும். 3,000 ரூபாய் ஃபேன் தினம் ஒன்றரை லிட்டரைக் காப்பாற்றுவதாக வைத்தால் நாளைக்கு 50 ரூபாய். அறுபதாவது நாள் ஃபேன் விலை கைக்கு வந்துவிடும். கரண்ட் பில் தனி.