சிக்னலுக்கு ஆள் தேவை

ரயில்வே வேலை என்றதும் நம் பிள்ளைகளுக்கு டிக்கெட் பரிசோதகரும் ஸ்டேஷன் மாஸ்டரும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். சிக்னல் டெக்னீஷியன், ஜூனியர் இன்ஜினீயர் பணிகளுக்கும் ரயில்வே தேர்வு வாரியத்தின் (ஆர்ஆர்பி) தேர்வு உண்டு. பயிற்சி தர செகந்திராபாத்தில் 1957 முதல் தனிக் கல்விக்கூடமே இருக்கிறது. அங்கே சிக்னலைக் கட்டுப்படுத்தும் மின்காந்த சுவிட்சான ரிலேயைக் கழற்றிப் பார்க்கலாம். மின்சாரம் நின்றால் உள்ளிருக்கும் ஆர்மேச்சர் என்ற அசையும் இரும்புத் துண்டு தன் எடையாலேயே கீழே விழும். சிக்னல் சிவப்புக்குப் போய்விடும். கெட்டாலும் நல்லபடியாகக் கெடட்டும் என்று யோசித்தவர் கெட்டிக்காரர்! ஆனால் வயரை மாற்றி இணைக்கும் கையை எந்த ரிலேயும் பிடித்து நிறுத்தாது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் நடந்த பாலசோர் ரயில் விபத்தில் விசாரணை சுட்டிக்காட்டியது சிக்னல் இணைப்பு வேலையில் நேர்ந்த பிழைகளைத்தான். இந்த வேலைக்குக் கொஞ்சம் பிடிவாதக்காரர்கள் வேண்டும்: நடுராத்திரியில், “வண்டி நிக்குதுப்பா, சீக்கிரம்” என்று போன் அலறினாலும், முழுசாகச் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர்கள்.